செம்பா, செம்பொன்னா? எழுத்தின் அமைப்பை ஒன்றாக்குதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினி நிரல் எழுதுவோரிடையே அரை நூற்றாண்டாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. நிரல் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றியதன்று அவ்வழக்கு. அது திரையில் எவ்வாறு அமைந்திருக்கவேண்டும் என்பதைப் பற்றியது. கட்டளைத் தொகுதியைத் திறக்கும் நெளிவான அடைப்புக்குறியை அதே வரியின் இறுதியில் இடுவதா, அடுத்த வரிக்கு இறக்குவதா? வரியை உள்ளே தள்ளுவதற்கு டேப் விசையா, நான்கு வெற்றிடங்களா? ஒரு வரி எத்தனை எழுத்தோடு முடியவேண்டும்? பெரும்பாலான நிரல்மொழிகளில் கணினிக்கு இவை ஒரு பொருட்டல்ல. எவ்வாறு எழுதினும் அது ஒரே விளைவையே தரும். ஆயினும் கற்றறிந்தோர் இவை குறித்துப் பல்லாண்டுகள் கசப்புடன் வாதிட்டுள்ளனர். எல்லாரும் ஒரே அமைப்பைக் கைக்கொள்ளவேண்டும் என்பார் ஒருசாரார். எழுதுபவன் கை அவனுடையது என்பார் மறுசாரார்.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 2017ஆம் ஆண்டு முதல் படிவம் ஒன்றில் கணினி அறிவியல் அடிப்படை என்னும் பாடம் இடம்பெற்றுள்ளது. லெம்பா பெர்த்தாம், ரிங்லெட் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக் கல்வியை முடித்துச் செல்லும் பிள்ளைகளும் இன்று நிரல் எழுதப் பழகும் வாய்ப்பைப் பெறுகின்றனர். ஆகவே இவ்வழக்கு மென்பொருள் நிறுவனங்களோடு நிற்கவில்லை. பயிற்சியைத் திருத்தும் ஆசிரியரின் சிவப்பு மைக்கும் அது வந்துவிட்டது.

இதில் மொழியியலாளனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எழுத்தின் அமைப்பை ஒன்றாக்குவதா, விட்டுவிடுவதா என்னும் இதே வழக்கைத் தமிழுலகம் ஓலையிலும் அச்சிலும் தட்டச்சிலும் கணினியிலும் மீண்டும் மீண்டும் நடத்தியிருக்கிறது. சில இடங்களில் ஒருமை வென்றது. சில இடங்களில் தோற்றது. அந்த வெற்றி தோல்விகளின் காரணத்தை ஆராய்ந்தால் நிரலாளர் வழக்குக்கும் ஓரளவு விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

பழைய உரையாசிரியர்கள் காட்டும் ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். ‘செம்பொன்பதின்றொடி’ என்று ஒரு தொடர். இதைச் ‘செம்பொன் பதின்தொடி’ என்று பிரித்தால், பத்துத் தொடி நிறையுள்ள பொன். ‘செம்பு ஒன்பதின்தொடி’ என்று பிரித்தால், ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. இத்தகைய தொடர்கள் சொல்லும் இசையால் வேறுபடும் என்றும், குறிப்பால் பொருள் உணரப்படுவதன்றி எழுத்தைக் கொண்டு இன்னது என வரையறுக்க இயலாது என்றும் தொல்காப்பியப் புணரியல் கூறுகிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் அன்று இல்லை. இருந்திருப்பின், ஒரேயொரு வெற்றிடம் செம்பையும் பொன்னையும் பிரித்துக் காட்டியிருக்கும். வெற்றிடம் அழகுக்காக மட்டும் விடப்படுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆயினும் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெரியா. ஏரியும் எரியும் ஒன்றுபோல் இருக்கும். கொல்லும் கோலும் ஒன்றுபோல் இருக்கும். காலும் ரகரமும் மயங்கும். மூலம், உரை, மேற்கோள் மூன்றும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாய் ஓடும். சீவகசிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு பெரும்பகுதி, எது பாட்டு, எது உரை, எது மேற்கோள் என்று எல்லை காண்பதிலேயே கழிந்தது. நிரலாளர்கள் தம் நிரலுக்குள் விளக்கக்குறிப்பு எழுதும்போது அதற்கெனத் தனிக்குறி இடுவது கட்டாயம். இல்லையேல் கணினி அக்குறிப்பையும் கட்டளையாகக் கொள்ள முயலும். ஐயருக்குக் கிடைத்த சுவடிகளில் அப்படியொரு குறி இருந்திருந்தால் தமிழ்ப் பதிப்பு வரலாறே வேறாக இருந்திருக்கும்.

எழுதுபொருளின் இயல்பு ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிடுகிறது; பொருள் மாறிய பின்னும் வழக்கம் நிற்கிறது. ஓலை போய்த் தாள் வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. தாளில் புள்ளியிடுவதால் எதுவும் கிழியாது. ஆயினும் தொடக்ககால அச்சு பெரும்பாலும் ஓலையின் மரபையே தொடர்ந்தது. கணினியிலும் இதுவே நடந்துள்ளது. ஐபிஎம் நிறுவனம் 1928இல் வெளியிட்ட துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. பின்னர் வந்த திரைகளும் 80 எழுத்து அகலத்தையே ஏற்றன. துளையட்டை வழக்கொழிந்து நெடுநாளான பின், 2001இல் பைத்தான் மொழிக்கு எழுதப்பட்ட நடைக்கையேடு வரிக்கு 79 எழுத்து என்று பரிந்துரைத்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புள்ளியில்லா ஓலைதான் நினைவுக்கு வரும்.

ஓலையின் குறையைத் தீர்த்தவர் பலர். 1710ஐ ஒட்டித் தமிழகம் வந்த வீரமாமுனிவர் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வரிவடிவில் வேறுபடுத்தினார். ஒரே வடிவில் மறைந்திருந்த இரண்டு ஒலிகளுக்கு இரண்டு வடிவம் தந்தமையால், அதற்குமுன் எழுத்தில் இல்லாத ஒரு செய்தி எழுத்துக்குள் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பயன்படுத்தினர். இத்தகைய மாற்றங்களுக்குப் பெரிய எதிர்ப்பு நிலைத்து நிற்கவில்லை. படிப்பவர் பெறுவது மிகுதி, இழப்பது ஒன்றுமில்லை.

பதம் பிரித்தல் அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க இலக்கியம் முதலியவற்றைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டார். புலவரல்லாத ஆயிரக்கணக்கானோர் பழந்தமிழ்ச் செய்யுளைக் கண்ணால் படிக்க வழி செய்தவை அப்பதிப்புகள். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் சந்தி பிரித்தால் யாப்பு தடுமாறும். அதனினும் முதன்மையானது வேறொன்று: பிரிப்பது பொருள் கொள்வதாகும். செம்பா, செம்பொன்னா என்று பதிப்பாசிரியர் முடிவுசெய்து அச்சிட்டுவிட்டால், மற்றொரு பொருளுக்கு வழி இருந்ததே படிப்பவருக்குத் தெரியாது. நன்னூலார் பொதுமொழி என்று தனியே ஒரு வகை வகுத்தார். தாமரை என்பது பூவாகவும் நிற்கும். ‘தாவும் மரை’ என்று பிரிந்து மானாகவும் நிற்கும். இரண்டையும் தாங்கி நிற்கும் சொல்லை ஒன்றாக்கி அச்சிடும் உரிமை யாருக்கு உண்டு? பள்ளிப் பதிப்பில் பிரித்தும், ஆய்வுப் பதிப்பில் பிரியாமலும் அச்சிடுவதே முறை என்பது என் நிலைப்பாடு.

(இடையே ஒன்று சொல்லவேண்டும். செய்யுளை விடுங்கள், இன்றைய உரைநடையிலேயே நாம் இடைவெளி பற்றி உடன்பாடு காணவில்லை. ‘செய்துகொண்டிருக்கிறான்’ என்பதை ஒரு சொல்லாக எழுதுவோர் உண்டு, இரண்டாக எழுதுவோர் உண்டு, மூன்றாகவும் எழுதுவோர் உண்டு. ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் மூன்றையும் கண்டிருக்கிறேன். கணினியில் ஒரு சொல்லைத் தேடும்போது இதன் விலை தெரியும்.)

இனி 1978க்கு வருவோம். ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்து நானூறு ஆண்டுகள் நிறைந்த அந்த ஆண்டில், பெரியாரின் நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935 முதலே ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டுவந்தார். ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகார வரிசைகள். ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் மாறின. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என எழுதும் பெரியாரின் முறையை அரசு ஏற்கவில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் இச்சீர்திருத்தத்தை ஏற்றன. என் தலைமுறையினர் தொடக்கப்பள்ளியில் துதிக்கை வைத்த லையையும் ளையையும் எழுதிப் பழகியவர்கள். பட்டப்படிப்புக்கு வரும்போது பாடநூல்கள் மாறிக்கொண்டிருந்தன.

இம்மாற்றம் ஏன் வென்றது? அரசாணை ஒரு காரணம். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் தனி எழுத்துகள் குறைந்தமையும், தட்டச்சுப்பொறியின் தேவையும் வேறு காரணங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்த காலத்திலிருந்தே, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது பெருஞ்சிக்கலாக இருந்தது. ஆனால் மொழியியல் நோக்கில் இன்னொரு காரணம் உண்டு. ‘கை, சை, தை’ என்னும் வரிசை ஏற்கெனவே இருந்தது. ணை முதலிய நான்கும் அவ்வரிசையிலிருந்து விலகி நின்றன. அவற்றை வரிசைக்குள் கொண்டுவந்தனர், அவ்வளவே. படிப்பவர் புதிதாகக் கற்கவேண்டியது ஏதுமில்லை. மாறாக, உகர ஊகார உயிர்மெய் வரிசைகளையும் ஒரே குறியால் எழுதலாம் என்று வா.செ. குழந்தைசாமி முன்வைத்த கருத்து ஏற்கப்படவில்லை. அவர் கூறிய ஏரணம் வலுவானது. கு, சு, து என்பவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதை முதல் வகுப்பு ஆசிரியர் எவரும் அறிவார். ஆயினும் அது 36 எழுத்துகளை மாற்றும். பக்கந்தோறும் வரும் எழுத்துகள் அவை. அதுவரை அச்சான நூல்கள் அனைத்தும் அடுத்த தலைமுறைக்கு அயலாகிவிடும். 13 எழுத்து மாறியதற்கே, துதிக்கை லையில் எழுதப்பட்ட பாட்டியின் கடிதத்தைப் படிக்கப் பேரப்பிள்ளைகள் தடுமாறுகின்றனர். அந்த விலை தாங்கக்கூடியது. 36 எழுத்தின் விலை தாங்கக்கூடியதன்று என்று தமிழ்ச் சமூகம் கணக்கிட்டதாகவே நான் கொள்கிறேன். கணக்கு சரியானது.

அதே 1978இல்தான் கெர்னிகன், ரிச்சி இருவரும் எழுதிய சி மொழி நூல் வெளிவந்தது. நெளிவடைப்பை எங்கே இடுவது என்னும் வழக்கில் ஒரு தரப்பு இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. குனூ திட்டத்தினர் வேறொரு முறையை வகுத்தனர். லினக்ஸ் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் நடைக்கையேட்டின் தொடக்கத்திலேயே, குனூ நடைவிதிகளை அச்சிட்டு, படிக்காமல் எரித்துவிடுங்கள் என்று எழுதினார். வேடிக்கைதான். ஆனால் நம் நாட்டு எழுத்துப் போராட்டங்களை அறிந்தவர் அவ்வேடிக்கைக்குள் இருக்கும் சூட்டையும் உணர்வர்.

அமைப்பு வெறும் ஒப்பனை என்போர் 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்துக்கு நேர்ந்ததை எண்ணிப்பார்க்கவேண்டும். இணையத்தில் எதிர்முனையில் இருப்பவர் உண்மையானவர்தாமா என்று சரிபார்க்கும் நிரற்பகுதி அது. ‘பிழையெனில் வெளியேறு’ என்று ஒரு நிபந்தனை. அதன் கீழ் ‘வெளியேறு’ என்னும் கட்டளை தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்தன. கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவைபோல் தோன்றின. நெளிவடைப்பு இடப்படாமையால் கணினி முதல் வரியை மட்டுமே நிபந்தனையோடு சேர்த்தது; இரண்டாம் வரி எப்போதும் இயங்கியது; எஞ்சிய சரிபார்ப்பு நடைபெறவே இல்லை. கோடிக்கணக்கான கருவிகளின் பாதுகாப்பு அந்த ஒரு வரியால் திறந்து கிடந்தது. மனிதன் செம்பொன் என்று படித்தான். பொறி செம்பு என்று படித்தது. வடிவமைக்கும் கருவி ஒன்று அந்நிரலின்மேல் ஓடியிருந்தால், இரண்டாம் வரி இடப்பக்கம் நகர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

எனவே ஒருமை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த இடத்தில் தேவை என்பதே கேள்வி. தமிழ்க் கணிமையின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது. 1990களில் தமிழில் கணினி பயன்படுத்தியவர் மறக்கமாட்டார்: ஒருவர் ஓர் எழுத்துருவில் அனுப்பிய மடல், மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய் விரியும். ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளுக்குத் தத்தம் எண்களை வழங்கியிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. இணையவழி ஒருங்கிணைந்த ஆர்வலர்கள் டிஸ்கி என ஒன்றை வகுத்திருந்தனர். இறுதியில் நிலைத்தது யூனிகோடு. 2010இல் தமிழக அரசும் அதைத் தரமாக அறிவித்தது. குறியேற்றத்தில் ஒன்றே நின்றது. ஆனால் விசைப்பலகையில் அப்படி நிகழவில்லை! தமிழ் 99ஐ விரும்புவோர் உண்டு. பழைய தட்டச்சு முறையை விடாதோர் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் வழியே ஒலிபெயர்ப்பு முறையில் பழகியோர் மிகப் பலர். மூவரும் ‘அம்மா’ என்று தட்டினால் கணினியில் சேமிக்கப்படுவது ஒரே எண்வரிசை. விரல் செல்லும் வழி வேறு. போய்ச் சேரும் இடம் ஒன்று.

கூகுள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘கோ’ மொழி கிட்டத்தட்ட இந்த வழியையே பின்பற்றியது. மொழியோடு சேர்த்து ஒரு வடிவமைக்கும் கருவியையும் தந்தது. அக்கருவியில் நடையைத் தேர்வுசெய்யும் வாய்ப்பே இல்லை. எப்படி வேண்டுமானாலும் தட்டலாம், சேமிக்கும்போது கருவி ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். உள்தள்ளலுக்கு அது டேப் குறியையே இடுகிறது. அக்குறி திரையில் எவ்வளவு அகலமாகத் தோன்றவேண்டும் என்பதைப் படிப்பவர் தம் கண்ணுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். சண்டை ஓய்ந்ததற்கு, தேர்ந்தெடுத்த வடிவம் சிறந்தது என்பது காரணமன்று. யாரும் யாரையும் திருத்தவேண்டியிராமையே காரணம். மலாய் எழுத்துமுறையின் வரலாறும் இதையொத்தது. ‘ச’ ஒலிக்கு மலேசியா ‘சி, எச்’ என இரண்டு எழுத்துகளையும், இந்தோனேசியா ‘டி, ஜே’ என இரண்டு எழுத்துகளையும் எழுதிவந்தன. 1972இல் இரு நாடுகளும் தத்தம் வழக்கை விட்டு, ‘சி’ என்னும் ஒற்றை எழுத்தில் உடன்பட்டன. ஒரு தரப்பின் முறையை மறுதரப்பின்மேல் சுமத்தியிருந்தால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே.

இங்கும் ஒரு வரம்பு உண்டு. இம்மலைச்சரிவுகளில் தேயிலை இடுப்பளவில் ஒரே மட்டமாகப் பரந்திருப்பது இயற்கையன்று, கவாத்தின் விளைவு. விட்டுவிட்டால் தேயிலை மரமாக வளரும். கொழுந்து கிள்ளும் கை எட்டவேண்டும், அடுத்த சுற்றில் வேறொரு கையும் எட்டவேண்டும் என்பதற்காக மட்டம் வைக்கப்படுகிறது. ஆயினும் விதைக்கென வளர்க்கும் தேயிலையைக் கவாத்து செய்வதில்லை. அது மரமாக வளர விடப்படுகிறது. நிரலிலும் அத்தகைய இடங்கள் உண்டு. மூன்றுக்கு மூன்று எண்களை வரிசையும் நெடுவரிசையுமாக ஒருவர் அடுக்கி எழுதியிருந்தால், அந்த அடுக்கே பொருள் சொல்கிறது. கருவி அதை ஒரே வரியில் சுருட்டினால் கணினிக்கு வேறுபாடில்லை. படிப்பவருக்கு அணி மறைந்துவிடும். பைத்தானுக்கு 2018இல் வந்த ‘பிளாக்’ என்னும் கருவி தன்னைச் சமரசமற்றது என்று அழைத்துக்கொள்கிறது. அதுவும் ‘இப்பகுதியைத் தொடாதே’ என்று சொல்லும் குறி ஒன்றை ஏற்கிறது. ஆய்வுப் பதிப்பில் சந்தி பிரியாமல் விடுவதற்கு ஒப்பானது அக்குறி.

வகுப்பறைக்குரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பைத்தானில் உள்தள்ளல் இலக்கணமே ஆகும். அது தவறினால் பொருள் தவறும். அங்கே மதிப்பெண் குறைப்பது முறை. ஆனால் ஒரு குறிக்கு இருபுறமும் வெற்றிடம் விட்டாரா, வரி 79ஐத் தாண்டிற்றா என்பவற்றுக்காகப் பதின்மூன்று வயது மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவ்வேலையைக் கருவி ஒரு நொடியில் செய்யும். அக்கருவியை இயக்க முதல் வாரத்திலேயே கற்பித்துவிடலாம். ஆசிரியரின் நேரம் கருவியால் இயலாதவற்றுக்குச் செல்லட்டும்: மாறிக்கு இட்ட பெயர் பொருளோடு பொருந்துகிறதா, விளக்கக்குறிப்பு நிரலோடு முரண்படுகிறதா என்பவற்றுக்கு. தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து நடத்த இயலுமாயின், கரும்பலகையின் ஒரு பக்கத்தில் ‘செம்பொன்பதின்றொடி’யையும் மறுபக்கத்தில் அந்த இரட்டை ‘வெளியேறு’ வரிகளையும் இடைவெளியே இல்லாமல் எழுதிப்போட்டு, பிரிக்கும் வேலையை மாணவரிடம் விட்டுவிடலாம்.